கீழாநெல்லி, நிலவேம்பு: பள்ளி ஆய்வுக்கூடத்தில் சாறு எடுத்துச் சோதித்தால் எங்கெங்கே கோளாறு வரும்?

சிப்புட் டீச்சர்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவத்துக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் பாதிக்கு மேல் தோட்டத்துப் பிள்ளைகள். இந்த வருட ஆய்வுக்குக் கீழாநெல்லியையும் நிலவேம்பையும் எடுக்கலாம் என்று இருக்கிறோம். கீழாநெல்லி செம்பனை மரத்தடியில் தானாகவே முளைத்துக் கிடக்கிறது. நிலவேம்பை லயத்து வாசலில் தொட்டியில் வளர்க்கிறார்கள்.

திட்டம் இதுதான். செடியைப் பறித்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, மிக்சியில் அரைத்து, எத்தனாலில் கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டும். சாற்றைக் காகித வட்டில் ஊற்றி அகார் தட்டில் வைத்து, கிருமி வளராத வளையம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். கிருமிக்குக் கைவிரல் ஒத்தலே போதும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

எங்களிடம் இருப்பவை: 0.01 கிராம் வரை காட்டும் தராசு, மின்சார வாட்டர் பாத், 40 டிகிரியில் நிற்கும் அவன் (உலர்த்தும் மின்அடுப்பு), பிரஷர் குக்கர், பெட்ரி தட்டுகள், 95% எத்தனால். கரைப்பானை ஆவியாக்கிப் பிரிக்கும் ரோட்டரி எவாப்பரேட்டர் கிடையாது, ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட் கிடையாது. தொடங்குவதற்கு முன்னால் இதில் எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

உலர்தாவரன்

வணக்கம் டீச்சர். செடியைக் கையில் எடுப்பதற்கு முன்பே இரண்டு விஷயத்தை முடித்துவிட வேண்டும்.

முதலாவது, செம்பனை மரத்தடியில் பறிக்கவே வேண்டாம். மரத்தைச் சுற்றியுள்ள வட்டத்திலும் நடைபாதையிலும் முறைவைத்துக் களைக்கொல்லி அடிக்கிறார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி இங்கே 2020இல் தடைசெய்யப்பட்டது. ஆனால் கிளைஃபோசேட் என்ற இன்னொன்று இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அது தண்ணீரில் நன்றாகக் கரையும் பொருள். இலைக்குள் இறங்கிய பிறகு கழுவினாலும் போகாது, சாற்றோடு சேர்ந்து வந்துவிடும். பிறகு தட்டில் எதுவும் வளரவில்லை என்றால், தடுத்தது இலையா அடித்த மருந்தா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பாலிபேக்கில் நீங்களே வளர்ப்பதுதான் சுத்தம். கீழாநெல்லி இரண்டு மூன்று மாதத்தில் காய்த்துவிடும். நிலவேம்பை விதைத்து மூன்று மூன்றரை மாதத்தில், பூக்கத் தொடங்கும்போது அறுக்க வேண்டும். அதன் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைட் இலையில் நிறைந்திருப்பது அப்போதுதான்.

இரண்டாவது, எது கீழாநெல்லி என்பது. நம் ஊரில் மலாயில் டுக்குங் அனாக் என்று சொன்னால் மூன்று நான்கு செடிகள் கைக்கு வரும். புத்தகங்களில் ஃபில்லாந்தஸ் நிரூரி என்று போட்டிருக்கும். உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம்மிடம் இருப்பது பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ். இலைக்கு அடியில் தொங்கும் காயைக் கைலென்ஸில் பாருங்கள். காய் வழுவழுப்பாக, சின்னக் காம்போடு, அடியில் ஐந்து இதழ் இருந்தால் அமாரஸ். காம்பே தெரியாமல் தண்டோடு ஒட்டி, மேலே சொரசொரவென்று சிறு முடிச்சுகளும் செம்மையும் இருந்தால் யூரினாரியா என்ற இனம். வழுவழுப்பாக இருந்து இதழ் ஆறு என்றால் டெபிலிஸ் என்ற இனமோ என்று சந்தேகப்படுங்கள். மூன்றையும் ஒரே பையில் போட்டு அரைத்தால், அடுத்த வருடம் இன்னொரு வகுப்பு அதே முடிவை எடுத்துக் காட்ட வழியே இல்லை.

பூவும் காயும் வேரும் உள்ள இரண்டு செடியை நாளிதழுக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். தாளைத் தினமும் மாற்ற வேண்டும். நம் ஈரக்காற்றில் ஒரு நாள் விட்டாலும் பூசணம் ஏறிவிடும். எங்கே, எந்தத் தேதியில், யார் எடுத்தது, எண் என்ன என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, ஒன்றைப் பள்ளியில் வையுங்கள். இன்னொன்றை, உலர்த்திய செடிகளைச் சேமித்து வைக்கும் உலர்தாவரக் கூடம் ஒன்றுக்கு அனுப்பி, பெயரை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பினாங்கில் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, கெப்போங்கில் ஃப்ரிம் வன ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறது.

காயவைப்பது பற்றி. நேர் வெயில் வேண்டாம். கீற்றுக் கீற்றாகப் பரப்பி 40 டிகிரி அவனில் வைத்து, தினமும் எடை போடுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை மாறாமல் இருந்தால் காய்ந்துவிட்டது. பச்சையில் ஒரு கிலோ இருந்தால் 200 முதல் 250 கிராம்தான் மிஞ்சும். தண்டு ஒடிக்கும்போது சடக்கென்று உடைய வேண்டும், வளையக் கூடாது. பூசணம் பிடித்த இலையை வெயிலில் காட்டித் தேற்றலாம் என்று நினைக்காதீர்கள். பூசணமே பாக்டீரியாவைக் கொல்லும் பொருள்களை உண்டாக்கும். பெனிசிலின் வந்ததே அப்படித்தான். அந்தச் சாறு காட்டும் வளையம் செடியுடையது இல்லை.

கரைப்பான்

அண்ணன் செடியைச் சொல்லிவிட்டார். நான் சாறு எடுப்பதைச் சொல்கிறேன்.

எத்தனாலைக் கொதிக்கவைக்கும் வேலையை விட்டுவிடுங்கள் டீச்சர். ஃபியூம் ஹூட் இல்லாத அறையில் அது தீ விபத்துக்கு வழி. வேதியியல்படியும் அதில் லாபம் இல்லை. சூடு தாங்காத பொருள் இருந்தால் அதைத்தான் முதலில் இழப்பீர்கள். மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் கண்டுபிடித்த து யூயூவின் குழு இதே இடத்தில்தான் முட்டி நின்றது. சிங்காவ் செடியைச் சூடாக்கிச் சாறு எடுத்தபோது முடிவு நிலையாக வரவில்லை. 4ஆம் நூற்றாண்டு மருத்துவரான கோ ஹோங் எழுதிய குறிப்பில், செடியைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிழிந்து குடி என்றுதான் இருந்தது, காய்ச்சு என்று இல்லை. அதைப் படித்த பிறகு, சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரை வைத்து எடுத்தார்கள். 1971இல் 191ஆம் எண் சாறு எலிகளில் மலேரியாக் கிருமியை முழுக்க அடக்கியது. 2015இல் அதற்கு நோபல் பரிசு. ஈதர் உங்கள் பள்ளிக்கு ஆகாது, ஆனால் பாடம் ஒன்றுதான்: குளிர ஊறவையுங்கள்.

95% எத்தனாலில் 737 மில்லி எடுத்து, தண்ணீர் ஊற்றி ஒரு லிட்டராக்கினால் 70% கிடைக்கும். இந்த விகிதத்தில் துவர்ப்புப் பொருளான டானின் போல நீரில் கரைவதும் வரும், ஆண்ட்ரோகிராஃபோலைட் போல நீரில் அவ்வளவாகக் கரையாததும் வரும். காய்ந்த தூள் 20 கிராம், 70% எத்தனால் 200 மில்லி. மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் 24 மணி நேரம், அவ்வப்போது குலுக்கி. வடித்துவிட்டு, அதே சக்கையில் இன்னொரு 200 மில்லி, இன்னொரு 24 மணி நேரம். இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூள் ரவை மாதிரி இருக்கட்டும். மாவாக அரைத்தால் வடிதாள் அடைத்துக்கொள்ளும். மிக்சியையும் ஒரே மூச்சாக ஓட்டாமல் விட்டு விட்டு ஓட்டுங்கள், ஜார் சூடேறும். முதலில் மல்துணி, பிறகு வாட்மன் 1ஆம் எண் வடிதாள்.

வற்றவைப்பதற்கு அகலமான கண்ணாடித் தட்டு, 50 டிகிரி வாட்டர் பாத், ஜன்னல்கள் திறந்து, அறையில் எந்த நெருப்பும் இல்லாமல். எத்தனால் முதலில் போகும். கடைசியில் பழுப்பாக நிற்பது தண்ணீர். எத்தனால் வாசனை அறவே நின்ற பிறகுதான் தட்டை அவனுக்குள் வைக்கலாம். அதற்கு முன் வைத்தால் ஆவி உள்ளே தேங்கி, தெர்மோஸ்டாட் பொறியில் வெடிக்கும். இது மிரட்டல் இல்லை, பல ஆய்வுக்கூடங்களில் நடந்திருக்கிறது.

மிஞ்சும் பிசினை எடை போடுங்கள். 20 கிராமிலிருந்து 2.4 கிராம் வந்தால் விளைச்சல் 12%. முப்பதுக்கு மேல் போனால் சந்தோஷப்பட வேண்டாம், உள்ளே தண்ணீர் இன்னும் இருக்கிறது என்று பொருள். பழுப்புக் கண்ணாடிக் குப்பியில், ஃபிரிஜ்ஜில் வையுங்கள்.

எல்லா இடத்திலும் கண்ணாடிதான். பிளாஸ்டிக் குழாய், பிளாஸ்டிக் பாட்டில், ரப்பர் மூடி எதுவும் எத்தனாலைத் தொடக் கூடாது. பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட் எண்ணெய்கள் கரைந்து வந்துவிடும். செடியிலிருந்து புதுப் பொருள் பிரித்தோம் என்று பெரிய பல்கலைக்கழகங்களிலேயே எழுதி, கடைசியில் அது குழாயிலிருந்து வந்த தாலேட்டாக முடிந்த கதைகள் உண்டு. மூலக்கூறுகளை எடைபோட்டுக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் 149 என்ற எண் தலைகாட்டினால் அனுபவசாலிகள் முதலில் குழாயைத்தான் பார்ப்பார்கள்.

அகார் தட்டு

கைவிரல் ஒத்தல் வேண்டவே வேண்டாம் டீச்சர். விரலிலிருந்து வளர்வதில் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற நோய்க்கிருமி இருக்கலாம். பெயர் தெரியாத கிருமியைக் கோடிக்கணக்கில் பெருக்கிப் பிள்ளைகள் கையில் கொடுப்பதாகிவிடும். ரொட்டி ஈஸ்ட் எடுங்கள். முடிந்தால், பள்ளிகளுக்கு விற்கும் தீங்கற்ற பாக்டீரியாவான பாசில்லஸ் சப்டிலிஸ். தட்டுகளை வளர்ந்தபின் திறக்கக் கூடாது, அடிப்பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். முடிந்ததும் 121 டிகிரி வரும் பிரஷர் குக்கரில் 20 நிமிடம் வைத்த பிறகுதான் குப்பைக்கு.

90 மில்லிமீட்டர் தட்டுக்கு 25 மில்லி அகார் ஊற்றினால் ஆழம் 4 மில்லிமீட்டர் வரும். இதை அளந்துதான் ஊற்ற வேண்டும். மெல்லிய தட்டில் வளையம் பெரிதாகத் தெரியும், தடித்ததில் சிறிதாக. மேசை சாய்ந்திருந்தால் ஒரே தட்டிலேயே இரண்டு அளவு வரும். காகித வட்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அலுவலகத்தில் தாளில் துளை போடும் பஞ்சரால் வடிதாளைக் குத்தினால் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வட்டு கிடைக்கும். குக்கரில் வேகவைத்துக் காயவையுங்கள்.

பிசினை 70% எத்தனாலில் மில்லிக்கு 100 மில்லிகிராம் வீதம் கரைத்து, ஒரு வட்டுக்கு 20 மைக்ரோலிட்டர், பத்துப் பத்தாக இரண்டு தடவை. நடுவில் முழுக்கக் காய வேண்டும். ஈரத்தோடு வைத்தால் எத்தனாலே வளையம் போட்டுவிடும். அதனால் வெறும் 70% எத்தனால் ஊற்றிக் காயவைத்த வட்டு ஒவ்வொரு தட்டிலும் இருந்தே ஆக வேண்டும். அதைச் சுற்றி வளையம் வந்தால் அந்தத் தட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒப்பிடும் மருந்தும் கிருமிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஜென்டமைசின் பாக்டீரியாவுக்கு, ஈஸ்ட்டுக்கு அது ஒன்றும் செய்யாது. ஈஸ்ட்டுக்கு நிஸ்டாட்டின் வட்டு.

இங்கேதான் பள்ளி ஆய்வுகள் பெரும்பாலும் சறுக்குகின்றன: "எங்கள் சாறு ஆன்டிபயாட்டிக்குக்குச் சமம்" என்று எழுதிவிடுவார்கள். உங்கள் வட்டில் இருப்பது 2 மில்லிகிராம், அதாவது 2000 மைக்ரோகிராம். ஜென்டமைசின் வட்டில் 10 மைக்ரோகிராம். இருநூறு மடங்கு போட்டு அதே வளையம் வந்தால் அது சமம் இல்லை. மேலும் வளையத்தின் அளவு, பொருள் அகாரில் எவ்வளவு தூரம் ஊர்கிறது என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது. எண்ணெய்த் தன்மையுள்ள நல்ல பொருள் வட்டிலேயே உட்கார்ந்துவிடும். ஆராய்ச்சிக்கூடங்களில் அதனால்தான் 96 குழித் தட்டில் படிப்படியாகத் தண்ணீராக்கி, வளர்ச்சியை நிறுத்தும் குறைந்த அளவைப் பார்க்கிறார்கள். செடிச்சாறு மில்லிக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வேலை செய்தால் மேலே தொடரலாம். 1000 தாண்டினால் பெரும்பாலோர் அதோடு விட்டுவிடுவார்கள்.

கீழாநெல்லிக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. அதில் ஜெரானின், கோரிலாஜின் போன்ற டானின்கள் நிறைய. டானின் எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும். கிருமியின் நொதியையும் முடக்கும், நம் உடம்பின் நொதியையும் முடக்கும். சோதனைக் குழாயில் எல்லாவற்றுக்கும் மருந்து மாதிரி தெரிவது அதனால்தான். சாற்றில் இரண்டு சொட்டு ஃபெரிக் குளோரைடு விட்டால் கருநீலமாகும். டானினை ஜெலட்டினால் இறக்கிவிட்டு மறுபடி சோதித்துப் பாருங்கள். வளையம் காணாமல் போனால் அது டானின் வேலை. நின்றால், உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. ஆறாம் படிவத்துக்கு இதைவிட நல்ல கேள்வி வேண்டியதில்லை.

சிப்புட் டீச்சர்

மிக்க நன்றி. பாலிபேக்கில் விதைக்க இந்த வாரமே ஏற்பாடு செய்கிறேன். பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று: மஞ்சக்காமாலைக்குக் கீழாநெல்லி என்று பாட்டி காலத்திலிருந்து கொடுக்கிறார்களே, விஞ்ஞானிகளும் ஆராய்கிறார்களே, ஏன் இன்னும் ஆஸ்பத்திரியில் மாத்திரையாக வரவில்லை?

ஜெலட்டினை எவ்வளவு, எப்படிச் சேர்ப்பது என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

மருந்தாளர், ஈப்போ

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் டீச்சர்.

ஆராயாமல் விட்டதில்லை. 1988இல் லான்செட் இதழில் சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் குழுவின் ஆய்வு வந்தது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்தவரும் நோபல் பரிசு பெற்றவருமான பாரூக் புளூம்பெர்க் அதில் ஒருவர். கிருமி உடம்பில் தங்கியவர்களுக்கு ஃபில்லாந்தஸ் அமாரஸ் தூள் 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னால் தாய்லாந்து உட்படப் பல இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் வரவில்லை. செடி இனம், விளைந்த மண், அறுத்த பருவம், தூளில் என்ன எவ்வளவு இருந்தது என்ற எதுவும் ஆய்வுக்கு ஆய்வு ஒன்றாக இல்லை. முதல் பதிலில் அண்ணன் காயைப் பார், காம்பைப் பார் என்று சொன்னது இதற்குத்தான்.

இன்னொன்று பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். மஞ்சள் காமாலை என்பது ஒரு நோய் இல்லை, அடையாளம். ஹெபடைட்டிஸாலும் வரும், பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் வரும். தோட்டத்தில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் நின்று வேலை செய்பவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலாலும் வரும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்ணில் மஞ்சளும் சேர்ந்து வந்தால், கீழாநெல்லி அரைத்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. அன்றைக்கே கிளினிக். எலிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் சீக்கிரம் தொடங்கினால்தான் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம்.

செடி மருந்தானதற்கு உதாரணம் கேட்டால், லயத்து வாசலில் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியைக் காட்டுங்கள். பிள்ளைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் அதிலிருந்து வந்தது. 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் கிலோக் கணக்கான காய்ந்த இலையில் மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கிறது. இலையைக் கஷாயம் வைத்தால் நோய் தீராது, செடியில் உள்ள மற்ற ஆல்கலாய்டுகளின் நஞ்சுதான் உடம்பில் ஏறும். ஆய்வுக்கும் இந்தச் செடியை எடுக்க வேண்டாம்.

யாராவது போதை தரும் கெத்தும் இலையைக் கொண்டுவந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதிலுள்ள மித்ராஜினைன் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. பள்ளி என்றாலும் விலக்கு இல்லை. காட்டில் போய் எடுப்பதென்றால் வனத்துறை அனுமதி வேண்டும். உயிரியல் வளங்களுக்கும், அவற்றோடு வரும் பழங்குடி மக்களின் அறிவுக்கும் 2017ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் இருக்கிறது. ஓராங் அஸ்லி பெரியவர் சொன்ன செடியை எழுதும்போது அவர் சம்மதத்தையும் கேட்டு எழுதுங்கள்.

கரைப்பான்

மருந்தாளர் சொன்னதோடு நம் நாட்டு உதாரணம் ஒன்று. சரவாக்கில் லுண்டுவுக்குப் பக்கத்தில் 1987இல் புன்னை இனத்தைச் சேர்ந்த ஒரு பிந்தாங்கோர் மரத்திலிருந்து கிளையும் இலையும் எடுத்து அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கு அனுப்பினார்கள். அதில் கிடைத்த கலனோலைடு ஏ, எச்ஐவியின் முக்கிய நொதியை நிறுத்தியது. இன்னும் எடுக்கத் திரும்பிப் போனபோது அந்த மரம் வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் தேடி எடுத்த மரங்களில் அதே வேலை நடக்கவில்லை. பிறகு இன்னொரு பிந்தாங்கோர் இனத்தின் பாலில் நெருங்கிய உறவுள்ள பொருள் ஒன்று கிடைத்தது. பால்மரம் (ரப்பர்) போல மரத்தைச் சாய்க்காமலே சீவி எடுக்கலாம். தாத்தா பாட்டி பால் வெட்டிய பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்.

இனி ஜெலட்டின். பிசின் 1 கிராமை வெந்நீர் 20 மில்லியில் கரைத்து, ஆறியதும் வடிகட்டுங்கள். கரையாமல் தாளில் நிற்பதைக் காயவைத்து எடை போட்டுக் கழித்தால் உண்மையான அளவு தெரியும். இதை இரண்டு பத்து மில்லியாகப் பிரியுங்கள். ஒன்றில், 1% உப்புக் கரைசலில் கரைத்த 1% ஜெலட்டின் 10 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். இன்னொன்றில் ஜெலட்டின் இல்லாத 1% உப்புத் தண்ணீர் 10 மில்லி. இதை மறந்தால் ஒரு சாறு நீர்த்தும் மற்றது நீர்க்காமலும் இருக்கும், ஒப்பிட முடியாது. டானினைக் கண்டுபிடிக்கும் பழைய முறையில் 10% உப்பு போடச் சொல்வார்கள். ஈஸ்ட் தட்டுக்கு அது ஆகாது, உப்பே வளர்ச்சியைக் குறைக்கும்.

அரை மணி நேரம் அறை வெப்பத்தில் விடுங்கள். ஃபிரிஜ்ஜில் வைத்தால் ஜெலட்டின் உறைந்து வடிகட்ட வராது. கலங்கல் கீழே இறங்கியதும் தெளிவை வடித்து, ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இன்னும் கருநீலம் வந்தால் டானின் மிச்சம் இருக்கிறது. இரண்டு கரைசலிலும் இன்னொரு 5 மில்லி அதே முறையில் சேர்க்க வேண்டும்.

இந்தச் சாறு வட்டுக்குப் போதாத அளவு நீர்த்திருக்கும். அதனால் அகாரில் 6 மில்லிமீட்டர் குழி தோண்டி, குழிக்கு 80 மைக்ரோலிட்டர் விடுங்கள். தட்டுக்கு நாலு குழி: டானின் எடுத்தது, எடுக்காதது, வெறும் ஜெலட்டின் உப்புக் கரைசல், நிஸ்டாட்டின். ஒவ்வொரு சாற்றுக்கும் மூன்று தட்டு. குழியின் அடியில் அகார் தட்டை விட்டுக் கிளம்பியிருந்தால் சாறு அடிவழியே ஓடிவிடும். அதைத் தடுக்க முதலில் ஒரு சொட்டு உருகிய அகாரைக் குழியடியில் விட்டு அடைத்துக்கொள்ளுங்கள்.